இரண்டாவது பாட்டு

ஸ்டாக்ஹோம்
9 ஜூன் 1983

ரூனே,

கட்டி கெட்ட கட்டி இல்லையாம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இரண்டாவது வரிவரை நீ படிப்பாயோ மாட்டாயோ, யார் கண்டது.

உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. பனிக்காலத்திலிருந்தே தொண்டையில் மீன்முள் சிக்கியது போல ஒரு உறுத்தல். மேல்ஸ்தாயியில் பாடும்போது குரல் திடீரென்று காணாமல் போகும். சளி என்று நினைத்துத் தேனும் எலுமிச்சையுமாகக் குடித்துக்கொண்டே ஊர் ஊராகப் பாடித் திரிந்தேன். கடைசியில் டாக்டர் ஹெட்விக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாணில் ஒரு கட்டி இருக்கிறது, எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். முடிவு வரும்வரை நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். இன்று காலை அறைக்குள் நுழையும்போதே சொல்லிவிட்டார்: "நல்ல சேதி மாரிட். சாதாரணக் கட்டிதான். எடுத்தாச்சு, கதை முடிஞ்சுது."

நான் அழுதேன். சத்தமில்லாமல் அழ வேண்டியிருந்தது, ஏனென்றால் நான்கு வாரத்துக்கு வாயே திறக்கக் கூடாதாம். கிசுகிசுக்கவும் கூடாது, அது பேசுவதைவிட மோசமாம். அதனால்தான் இந்தக் கடிதம். இரண்டு வருஷமாக நீ என்னோடு பேசவில்லை. இப்போது நானும் உன்னோடு பேசக் கூடாது என்று டாக்டரே உத்தரவு போட்டுவிட்டார். சரிக்குச் சரி ஆயிற்று.

ஒன்று மட்டும் டாக்டர் சொல்லவில்லை. குரல் திரும்ப வரும் என்றார். எந்தக் குரல் வரும் என்று கேட்டு எழுதிக் காட்டினேன். "அதை வந்தப்புறம்தான் பாக்கணும்"னு சொல்லிவிட்டுப் போய்விட்டார். பதினாறு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான், ரூனே. பயமாக இருக்கிறது. ஆனாலும் இன்றைக்கு நான் பயத்தைவிட நிம்மதியில்தான் இருக்கிறேன். உயிரோடு இருக்கிறேன் பார்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை. ஆனால் ஒன்று சொல்லாமல் விடமாட்டேன். நடன மேடையில் பாட்டு இரண்டிரண்டாகத்தான் வரும், ஒருத்தியைக் கைபிடித்து ஆடக் கூட்டிப்போனால் இரண்டு பாட்டும் ஆடி முடித்து, நன்றி சொல்லி, இடத்தில் கொண்டுவந்து விட வேண்டும் என்று அப்பா நமக்கு முள்கரண்டி பிடிக்கச் சொல்லித்தரும் முன்பே சொல்லித்தந்தார். முதல் பாட்டு முடிந்ததும் அக்கார்டியனை நாற்காலியில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போன ஒரே வாசிப்பாளன் ஸ்வீடன் முழுக்க நீ ஒருவன்தான். அத்தனை ஜோடியும் கையைக் கோத்தபடி நின்றார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

மாரிட்

லிண்ட்நேஸ், தாலர்னா
14 ஜூன்

அக்கா,

தபால்பெட்டி பக்கத்திலேயே நின்று படித்தேன். முதல் வரியில் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அது எறும்புப் புற்று. அதனால் உன் கடிதத்தின் மீதியைக் கால்சட்டை இல்லாமல் சமையலறையில் நின்று படித்தேன் என்று தெரிந்துகொள்.

கட்டி என்று வந்தால் தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா? நான் சண்டைக்காரன்தான், அதற்காகச் செத்துப் போனவனா? நல்லவேளை, சாதாரணக் கட்டி. நல்லவேளை. இதற்குமேல் எழுதினால் நீ என்னைக் கிண்டல் செய்வாய்.

ஆனால் சண்டையை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்த வருஷம் வசந்தத்தில்தான் என்னோடு வாழ்ந்த பிர்கிட் என்னை விட்டுப் போனாள். ஜூலையில் நீ பெரிய பாடகியாக ஊர்ப் பூங்காவுக்கு நடன இரவு நடத்த வந்தாய். வேகப் பாட்டு ஒன்று, அதன் பின்னால் புதிதாக எழுதிய மெதுவான பாட்டு ஒன்று. என் கையில் கொடுத்த தாளில் சுரங்கள் மட்டும்தான், வார்த்தை இல்லை. முதல் பாட்டு முடிந்ததும் டிரம்ஸ் வாசிக்கும் ஸ்டீக் என் காதில் குனிந்து சொன்னான்: "இப்ப வர்றது உன் வீட்டுக் கதைடா. கவுத்துப் போட்ட நீலப் படகு, பூட்டின கதவு, விட்டுட்டுப் போன பொம்பள, எல்லாம் வருது." ஊரே நின்று ஆடுகிறது, என் மானத்துக்கு நானே தாளம் போட வேண்டுமா? இறங்கிவிட்டேன். இன்றைக்கும் இறங்குவேன்.

அதற்கு நான் படுகிற பாடு போதும். உனக்குத் தெரியுமோ என்னவோ, அன்றைக்குத்தான் பஸ் டிரைவர் எவெர்ட் தபால்காரி குட்ரூனை முதல் தடவையாக ஆடக் கூப்பிட்டிருந்தான். பல வருஷமாகச் சுவரோடு சுவராக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தவன். வேகப் பாட்டில் என்னத்தைப் பேச முடியும்? மெதுவான பாட்டில் சொல்லிவிடலாம் என்று இருந்திருக்கிறான். நான் இறங்கிவிட்டேன். இசை நின்றது. அவன் முகம் சிவந்துபோய் நன்றி சொல்லிவிட்டு ஓடிவிட்டான். அதன்பின் கூப்பிடவே இல்லை.

எவெர்ட் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மரவாடிக்குப் போக நான் தினமும் அவன் பஸ்ஸில்தானே ஏற வேண்டும், நிறுத்தத்தைத் தாண்டிக் கொண்டுபோய்த்தான் நிறுத்துகிறான். மழையானாலும் பனியானாலும் நான் ஓடிப்போய் ஏறுகிறேன். இரண்டு வருஷமாக ஓடுகிறேன். பஸ்ஸில் இருக்கிற ஒருவரும் அவனைக் கேட்பதில்லை. குட்ரூன் உன் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு, "மாரிட் கையெழுத்தாச்சே? நல்லா இருக்காங்களா?" என்றாள்.

வாயைத் திறக்காதே. டாக்டர் சொன்னதைக் கேள். ஒரு தடவையாவது யாராவது சொன்னதைக் கேள்.

ரூனே

ஸ்டாக்ஹோம்
21 ஜூன்

எறும்புக்கடி வாங்கிய என் தம்பிக்கு,

வயிறு குலுங்கச் சிரித்தேன், சத்தமில்லாமல். தொண்டை வலித்தது. இனிமேல் எறும்பு விஷயத்தைக் கடிதத்தின் கடைசியில் எழுது.

கழுத்தில் ஒரு பலகையும் சாக்கட்டியும் மாட்டிக்கொண்டு திரிகிறேன். காபிக் கடையில் "ஒரு காபி, ஒரு பட்டைப் பன்" என்று எழுதிக் காட்டினால் அந்தப் பெண் என் காதருகே வந்து கத்துகிறாள்: "பால் வேணுமாம்மா? பாலு!" ஊமை என்றால் செவிடு என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, என் பாட்டை என்னிடமே பாடிக் காட்டினார். தப்புத் தப்பாக. திருத்த வாய் இல்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

பேசாமல் இருந்தால் மனுஷிக்குப் பழசெல்லாம் வந்து முன்னால் நிற்கிறது. தேவாலயப் பாட்டுக்குழுவில் என் குரல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று பாதிரியார் என்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளியது. பிறகு நீ வளர்ந்து அக்கார்டியன் பிடித்ததும் நீயும் நானும் ஸ்டீக்கும் ஒரு பழைய வண்டியில் பூங்கா பூங்காவாகப் போனது. என் முதல் பாட்டு வானொலித் தரவரிசையில் ஏறியபோது நீ சமையலறை மேஜைமேல் ஏறிக் குதித்து மேஜைக் காலை உடைத்தது. அப்புறம் ஆங்கிலத்தில் பாடினால் உலகமே வாங்கும் என்று எவனோ சொன்னான் என்று லண்டன் போய் ஒரு இசைத்தட்டு போட்டுவிட்டு வந்தேனே, அதை உலகம் வாங்கவில்லை, நம் பெரியம்மாகூட வாங்கவில்லை. எங்கே போனாலும் மேலே, மேலே என்று பாடினேன். எல்லோரும் ஆடுவதை நிறுத்திவிட்டு மேடையைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பழகிவிட்டேன் ரூனே. அது இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியாது.

சரி, உன் மானத்துக்கு வருகிறேன். அந்தப் பாட்டை நீ கேட்டாயா? கேட்கவில்லை. ஸ்டீக் கேட்டானா? ஒத்திகையில் அவன் பாதி நேரம் உதட்டுக்கடியில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டிருந்தான். மடையா, அந்த நீலப் படகு உன் படகா? அது அப்பாவின் படகு. அதைக் கரையில் கவிழ்த்துப் போட்டது யார்? பத்தொன்பது வயதில் நான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவை இழுத்துப் பூட்டி, நீ பள்ளிக்கூடம் விட்டு வரும் முன் பஸ் ஏறினேனே, அந்தப் பொம்பளைதான் அது. பிர்கிட்டைப் பற்றி எனக்குப் பாட்டு வேறு எழுத வேண்டுமா? அவளுக்குச் சுருதியே நிற்காது.

வார்த்தைகளை எழுதி அனுப்பமாட்டேன். இரண்டு வருஷம் முன்னால் நின்று கேட்டிருக்க வேண்டியவன் நீ.

இந்த வெள்ளிக்கிழமை நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தின நாள், ஊரெல்லாம் ஆடிப் பாடும் நாள். இந்த வருஷம் பாட முடியாதவளாக ஜன்னலில் உட்கார்ந்து புது உருளைக்கிழங்கு தின்னப் போகிறேன்.

மாரிட்

லிண்ட்நேஸ்
2 ஜூலை

அக்கா,

நான் தப்பாகக் கோபப்பட்டுவிட்டேன் என்று என் வாயால் சொல்ல வைக்கப் பார்க்கிறாய். சொல்லமாட்டேன். ஸ்டீக்கின் மண்டையில் ஒன்று போட்டேன், அதோடு கணக்கு முடிந்தது. அவன், "நானும் பாதிதான்டா கேட்டேன்"னு இப்போது சொல்கிறான். இரண்டு வருஷம் கழித்து.

ஆனால் அந்த வீட்டுக் கதவு எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, நீ உள்ளே இருந்துகொண்டு விளையாடுகிறாய் என்று நினைத்து வெகுநேரம் தட்டினேன். இதை உன்னிடம் சொன்னதே இல்லை. நீ அதைப் பாட்டாக எழுதியிருக்கிறாய் என்றால், எனக்குக் கேட்க வேண்டும்.

இலையும் பூவும் சுற்றி நடுக்கோடைக் கம்பத்தை நட்டோம். மழை, பிறகு வெயில், பிறகு கொசு. பிள்ளைகள் தவளை மாதிரிக் குதித்துக் குதித்துச் சுற்ற, நான் கால் வீங்க வாசித்தேன். குட்ரூன் தலையில் பூவளையம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். எவெர்ட் ஊறுகாய் மீன் தட்டோடு கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். நான் நேரே போய்க் கேட்டேன்: "ஏம்பா, நான்தான் இன்னைக்கு வாசிக்கிறேனே, நீ அவங்கள ஆடக் கூப்பிடக் கூடாதா?" அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "முதப் பாட்டு ஆடியாச்சு ரூனே. பாக்கி ரெண்டாவதுதான். அத முடிக்காம புதுசா ஒன்னு ஆரம்பிச்சா அது என்ன மரியாத?"

இந்த ஊரில் இப்படி யோசிக்கிறவன் அவன் ஒருவன்தான் என்று நினைத்துக் குட்ரூனிடம் போனேன். அவள் சொல்கிறாள்: "சரியாத்தானே சொல்லியிருக்காரு. இன்னும் நன்றிகூடச் சரியா சொல்லிக்கல." இருவருக்கும் பொருத்தம் என்றால் பொருத்தம்தான்.

பூங்காக் குழுவினர் ஆகஸ்டு கடைசி நடன இரவுக்கு உன்னைக் கேட்கச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன்.

ரூனே

ஸ்டாக்ஹோம்
19 ஜூலை

ரூனே,

வாய் திறந்தாயிற்று. டாக்டர் ஹெட்விக் என்னை உட்கார வைத்து, "இப்ப ஒரு 'ஆ' சொல்லுங்க, மெதுவா" என்றார். சொன்னேன். யாரோ பின்னால் நின்று சொன்ன மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன்.

என் குரல் கீழே இறங்கிவிட்டது. ஓரத்தில் ஒரு கரகரப்பு. தினமும் கொஞ்ச நேரம் பயிற்சி. மேலே ஏறப் பார்த்தால் படி முடிந்துவிடுகிறது, அதற்குமேல் வெறும் காற்று. டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, "சுத்தமா ஆறிடுச்சு, அழகா இருக்கு" என்கிறார். அவருக்கு அது தொண்டை. எனக்கு அது நான். "பழைய உயரம்?" என்று கேட்டேன். "அது வராதும்மா. ஆனா இது உடையாது" என்றார்.

இசைத்தட்டுக் கம்பெனியில் என் குரலைக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்ச காலம் பார்க்கலாம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து இந்தத் தடவை சத்தமாக அழுதேன். அழுகையும் கட்டைக்குரலில்தான் வந்தது.

கெட்ட கட்டி இல்லை என்ற நாளில் இனி எதற்கும் அழமாட்டேன் என்று நினைத்தேன். பேராசை பிடித்தவள் நான். உயிர் கிடைத்ததும் குரலும் வேண்டும் என்கிறேன். பாடாமல் ஐம்பது வயதுவரை, எழுபது வயதுவரை எப்படி இருப்பேன், சொல்.

ஆகஸ்டுக்கு வரமுடியாது. அந்தப் பாட்டின் நடுவில், கதவைத் தட்டும் இடத்தில், மேலே போக வேண்டும். என்னிடம் அந்த மேல் இல்லை. எவெர்ட்டிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

மாரிட்

லிண்ட்நேஸ்
23 ஜூலை

அக்கா,

மன்னிப்பை நீயே வந்து கேள். நான் ஏற்கனவே ஓடுகிறவன், தூதும் போக முடியாது.

பழைய தாளைத் தேடி எடுத்தேன். நேற்று மரவாடி விட்டு வந்து படகுத்துறையில் உட்கார்ந்து அந்தப் பாட்டைச் சுருதி இறக்கி வாசித்துப் பார்த்தேன். நான்கு சுரம் கீழே. அக்கார்டியனில் அந்த இடம்தான் நன்றாக மூச்சு விடுகிறது, உனக்கே தெரியும். மேலே வாசிக்கும்போது எப்போதும் உன் பின்னால் ஓடிவருகிற மாதிரி இருக்கும். இதில் பக்கத்தில் நடக்கிற மாதிரி இருந்தது.

உன் குரல் மேலே போன காலத்தில் நான் மேஜையை உடைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குரல் ஊரை விட்டுப் போன குரல். கீழே இறங்கி வந்த குரல் எப்படி இருக்கும் என்று நான் இன்னும் கேட்கவில்லை. கதவைத் தட்டுகிற இடத்தில் நீ மேலே போக வேண்டாம். தட்டுகிற பையனுக்குப் பத்து வயது, அவனுக்குக் கத்தவும் வரவில்லை. மெதுவாகத்தான் தட்டினான். நான் சொல்கிறேன், நான்தானே அவன்.

தொண்டை பாதியில் நின்றால் நான் வாசித்து முடிக்கிறேன். இந்தத் தடவை இறங்கமாட்டேன். ரயிலடியிலிருந்து எவெர்ட் பஸ் இருக்கிறது. நிறுத்தத்தில் நிற்காதே, கொஞ்சம் தள்ளி நில்.

ரூனே

ஸ்டாக்ஹோம்
29 ஆகஸ்டு

ரூனே,

வீடு வந்து சேர்ந்தேன். பாடின பிறகு சில நாள் தொலைபேசியில் பேசக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. அதனால் பழையபடி கடிதம். நண்டு விருந்தின் மிச்சத்தை ஸ்டீக் என் பெட்டிக்குள் திணித்திருக்கிறான், ரயில் பெட்டி முழுக்க என்னை முறைத்தது.

ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவேன், உனக்குத் தெரியும். கதவு தட்டும் இடம் தாண்டியதும் தைரியம் வந்து கண்ணைத் திறந்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, ரூனே. முன்னாலெல்லாம் அந்த இடத்தில் பூங்காவே மேடையைப் பார்த்து நிற்கும். அன்றைக்கு ஒரு தலைகூட நிமிரவில்லை. உடனே மறுபடி மூடிக்கொண்டேன். முடிந்ததும் எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள், நன்றாக இருந்தது என்றார்கள். ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அவ்வளவு மோசமா?

மாரிட்

லிண்ட்நேஸ்
2 செப்டம்பர்

அக்கா,

நீ கண்ணை மூடிக்கொண்டு தவறவிட்டதை வரிசையாக எழுதுகிறேன், கேள்.

நான் ஒலிவாங்கியில், "இது ரெண்டாவது பாட்டு, முதப் பாட்டு போன தடவையே முடிஞ்சுது"னு சொன்னபோது பூங்காவே சிரித்தது. எவெர்ட் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி ஸ்டீக் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு, நடன மேடையைக் குறுக்கே கடந்து போய்க் குட்ரூன் முன்னால் நின்றான். கூப்பிடவில்லை. கையை மட்டும் நீட்டினான், நடுவில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வந்தவன் மாதிரி. அவளும் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

நீ ஆரம்பித்தாய். ஒருவரும் உன்னைப் பார்க்கவில்லை, நிஜம். ஏன் பார்க்கவில்லை தெரியுமா? ஆடிக்கொண்டிருந்தார்கள். உன் பழைய குரலைக் கேட்டால் ஆடுகிறவர்கள் நின்றுவிடுவார்கள், வாயைப் பிளந்து மேலே பார்ப்பார்கள். நான் உனக்குப் பின்னால் உட்கார்ந்து பல வருஷம் அதைத்தான் பார்த்தேன், நின்றுபோன ஜோடிகளை. அன்றைக்கு ஒரு ஜோடி நிற்கவில்லை. கதவு தட்டும் இடத்தில் பாதிப் பேர் கண்ணை மூடிவிட்டார்கள். பாட்டு உன்னிடம் இல்லை, அவர்களிடம் இருந்தது. நடனத்துக்குப் பாடுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்குத் தாளில் பாதி தெரியவில்லை. அது வெளிச்சம் போதாததால்தான், நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

பாட்டு முடிந்தது. எல்லோரும் நன்றி சொல்லிப் பிரிந்து ஓரத்துக்குப் போனார்கள். எவெர்ட்டும் குட்ரூனும் நன்றி சொல்லவில்லை. கையையும் விடவில்லை. நடுவிலேயே நின்றார்கள். அடுத்த ஜோடிப் பாட்டுக்கும் அதே ஆள்தான் என்று நின்றால் ஊரில் அவர்கள் ஜோடி சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டீக் தாளம் போட ஆரம்பிக்க மறந்துவிட்டான்.

திங்கள்கிழமை காலை, நான் பழக்கதோஷத்தில் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றிருந்தேன். பஸ் நிறுத்தத்திலேயே சரியாக நின்றது. திரும்ப ஓடிவந்தேன். எவெர்ட் கதவைத் திறந்து, "எங்கடா போற, நிறுத்தம் இங்க இருக்கு" என்றான். பஸ்ஸே சிரித்தது.

அப்புறம் ஓட்டிக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தான். உன் இரண்டாவது பாட்டு. முன் இருக்கைக் கிழவர் சேர்ந்துகொண்டார், பிறகு மரவாடிக்காரர்கள், பிறகு நானும். உன் பழைய பாட்டுகளை இத்தனை வருஷமாகக் கேட்கிறோம், அந்த உயரம் எங்களில் ஒருவருக்கும் எட்டாது, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இது எட்டுகிறது, அக்கா. எவெர்ட்டுக்கே எட்டுகிறது.

ரூனே